கடைக்குப் பூட்டு உண்டு, பிரின்டருக்கு உண்டா?

2016 பெப்ரவரி 5, வெள்ளிக்கிழமை. பங்களாதேஷ் தலைநகர் டாக்காவில் மத்திய வங்கிக் கட்டடத்தின் 10ஆம் மாடியில் ஒரு பிரின்டர் வேலை செய்யாமல் நின்றிருந்தது. சர்வதேசப் பணப் பரிமாற்றச் செய்திகளை இரவு பகலாகத் தானாகவே அச்சிடும் பிரின்டர் அது. அன்று அங்கே வாராந்த விடுமுறை. வழமையான கோளாறுதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் விட்டுவிட்டார்கள்.

உண்மையில் முதல்நாள் இரவே அந்த வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் தமது வேலையை ஆரம்பித்திருந்தார்கள். நியூயோர்க் பெடரல் ரிசர்வ் வங்கியில் பங்களாதேஷுக்கு இருந்த கணக்கிலிருந்து சுமார் 951 மில்லியன் டொலரை வெளியே அனுப்பும்படி 35 கட்டளைகளை அனுப்பியிருந்தார்கள். அவை தாளில் வெளிவந்துவிடக் கூடாது என்பதற்காகவே பிரின்டரின் வாயை அடைத்திருந்தார்கள். 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. 20 மில்லியன் டொலர் நமது இலங்கையில் ஓர் அமைப்பின் பெயரில் இருந்த வங்கிக் கணக்கை நோக்கி வந்தது. அந்த அமைப்பின் பெயரில் ‘பவுண்டேஷன்’ என்ற சொல் ஆங்கிலத்தில் எழுத்துப் பிழையோடு இருந்ததால் இடையிலிருந்த வங்கியொன்று சந்தேகப்பட்டு விளக்கம் கேட்டது. அதனால் அந்தப் பணம் தப்பியது.

அந்தத் திருடர்கள் உள்ளே நுழைந்தது பிரின்டர் வழியாக அல்ல, ஊழியர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் வழியாக. ஆனால் அந்தக் கதையில் வியாபாரியாகிய நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அலுவலகத்தில் யாரும் சந்தேகிக்காத பொருள் பிரின்டர்தான். கணினிக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். கைத்தொலைபேசிக்கு இரகசிய இலக்கம் போடாதவர் இல்லை. மூலையில் இருக்கும் பிரின்டரைப் பற்றி மட்டும் எவரும் யோசிப்பதில்லை. இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நம் பக்கத்து நிலைமை

புத்தளம், பாலாவி, நுரைச்சோலை, கற்பிட்டி என்று நமது கரையோரத்தில் வியாபாரம் செய்யும் பலருக்குக் கடையும் வீடும் ஒரே கூரையின் கீழ்தான். முன்னறையில் அலுவலகம், பின்னால் குடும்பம். உப்பு, கருவாடு, இறால், மரக்கறி என்று எந்த வியாபாரமானாலும் இப்போது வயர் இல்லாமல் வைஃபையில் இயங்கும் பிரின்டர் ஒன்று இருக்கிறது. கைத்தொலைபேசியிலிருந்தே பில் அடிக்கலாம், பிள்ளைகள் பாடசாலை வேலையையும் அதிலேயே அடித்துக்கொள்ளலாம்.

அந்த பிரின்டர் வழியாக ஒரு வருடத்தில் என்னென்ன போகிறது என்று கணக்குப் பாருங்கள். கொள்வனவாளருக்கு அனுப்பும் இன்வொய்ஸ், வங்கிக் கணக்கு விபரம், காசோலைப் பிரதி, காணி உறுதி, கடன் விண்ணப்பம், தொழிலாளர்களின் அடையாள அட்டைப் பிரதி, உம்ராவுக்குப் போகும் உறவினர்களின் கடவுச்சீட்டுப் பிரதி. இவற்றில் பாதி நமக்குச் சொந்தமானவை அல்ல. மற்றவர்கள் நம்மை நம்பித் தந்த அமானிதங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். சூரா அல்பகராவின் 282ஆவது வசனம் அது. எழுதுவதற்கு மார்க்கம் அவ்வளவு முக்கியத்துவம் தந்திருக்க, எழுதியதைப் பாதுகாக்கும் பொறுப்பை நாம் சிறிதாக எண்ண முடியாது.

பிரின்டர் என்பதும் ஒரு கணினிதான்

வைஃபை பிரின்டருக்குள் ஒரு சிறிய கணினியே இருக்கிறது. அதற்கு நினைவகம் உண்டு, தனி முகவரி உண்டு, அமைப்புகளை மாற்றுவதற்கு ஒரு இணையப் பக்கமும் உண்டு. நாம் வாங்கிய நாளில் கடைக்காரர் வந்து இணைத்துவிட்டுப் போகும்போது அந்தப் பக்கத்தின் கதவு பெரும்பாலும் திறந்தபடியே இருக்கும். அதனால் வரக்கூடிய ஆபத்துகள் மூன்று.

முதலாவது, இடைமறித்தல். பெரும்பாலான சிறிய பிரின்டர்களுக்கு நாம் அனுப்பும் கடிதம் ஒட்டிய உறையில் போவதில்லை, தபால் அட்டைபோலத் திறந்தபடி போகிறது. அதே வைஃபை இணைப்புக்குள் இருக்கும் விபரம் தெரிந்த ஒருவர் நினைத்தால் அதைப் படிக்கலாம்.

இரண்டாவது, வேண்டாததை அச்சிடுதல். 2018 நவம்பர் இறுதியில் ஒருவர் யூடியூப் சனல் ஒன்றுக்கு ஆதரவு தேடும் துண்டுப்பிரசுரத்தை உலகெங்கும் உள்ள சுமார் 50,000 பிரின்டர்களில் அச்சிட வைத்ததாக அறிவித்தார். இணையத்தில் திறந்து கிடந்த பிரின்டர்களைத் தேடியபோது 8 இலட்சம் அளவில் கிடைத்தன என்றும், அதில் ஒரு பகுதியையே எடுத்துக்கொண்டேன் என்றும் சொன்னார். 9100 என்ற இலக்கம் கொண்ட வாசல் வழியாகவே அது நடந்தது. பிரின்டரில் அச்சிடும் கட்டளைகளைப் பெறும் அந்த வாசல் கடவுச்சொல் எதையும் கேட்பதில்லை. வீட்டுக்குள் அது வசதி. இணையத்துக்குத் திறந்தால் தெருவாசல் திறந்த மாதிரி.

மூன்றாவதுதான் வியாபாரிக்குப் பெரிய நட்டத்தைத் தரக்கூடியது. ஸ்கேன் செய்ததை நேரடியாக மின்னஞ்சலில் அனுப்பும் பிரின்டர்களுக்குள் நமது மின்னஞ்சலின் கடவுச்சொல் சேமிக்கப்பட்டிருக்கும். பிரின்டரின் அமைப்புப் பக்கம் பூட்டப்படாமல் இருந்தால், அந்தக் கடவுச்சொல்லைத் தன் பக்கம் அனுப்பும்படி மாற்றி அமைக்கும் வழிகள் சில மாதிரிகளில் இருப்பது தெரியவந்திருக்கிறது. மின்னஞ்சல் கைக்குப் போனால் என்ன நடக்கும்? துபாயில் உள்ள கொள்வனவாளருக்கு நமது பெயரிலேயே ஒரு கடிதம் போகும். ‘எமது வங்கிக் கணக்கு மாறியுள்ளது, இனிமேல் இந்த இலக்கத்துக்குப் பணம் அனுப்பவும்.’ சரக்கு நம்முடையது, பணம் வேறொருவருக்கு. இவ்வகை மின்னஞ்சல் மோசடியால் 2023இல் மட்டும் சுமார் 2.9 பில்லியன் டொலர் நட்டம் பற்றி அமெரிக்காவின் எப்.பி.ஐ.க்கு முறைப்பாடுகள் வந்தன. அவற்றின் எண்ணிக்கை 21,489. எல்லாமே பிரின்டரால் வந்தவை அல்ல. ஆனால் திருடனுக்குத் தேவை ஒரு கதவு, அது எந்தக் கதவாக இருந்தாலும் அவனுக்குச் சரி.

இனிச் செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கடை மூடி, இஷாத் தொழுகைக்குப் பின் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். வியாபார நேரத்தில் செய்ய வேண்டாம். கடவுச்சொல்லை மாற்றியதும் எல்லாக் கருவிகளையும் மீண்டும் இணைக்க வேண்டியிருக்கும்.

1. ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்

ரவுட்டருக்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. ஒன்று வைஃபையில் இணைவதற்கு. மற்றது ரவுட்டரின் அமைப்புகளை மாற்றுவதற்கு. பலருக்கு இரண்டாவது இருப்பதே தெரியாது. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். 192.168.1.1 அல்லது 192.168.8.1 போன்ற ஒரு முகவரி இருக்கும். வைஃபையில் இணைந்திருக்கும் கணினியில் அதைத் தட்டினால் நிர்வாகப் பக்கம் வரும். முதலில் அதன் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கம்பனி போட்டுத் தந்ததை அப்படியே வைத்திருப்பது பூட்டை வாங்கிச் சாவியை அதிலேயே தொங்கவிடுவது போன்றது.

2. வைஃபை பூட்டின் வகை

பாதுகாப்பு என்ற பகுதியில் டபிள்யூ.இ.பி., டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.ஏ.2, டபிள்யூ.பி.ஏ.3 என்று தெரிவுகள் இருக்கும். டபிள்யூ.இ.பி. என்பது துருப்பிடித்த பூட்டு. 2001ஆம் ஆண்டிலேயே அதை உடைக்கும் முறை பகிரங்கமாகிவிட்டது. அமெரிக்காவின் டி.ஜே.எக்ஸ். என்ற பெரிய சில்லறை வியாபாரக் கம்பனி அதைத் தன் கடைகளில் தொடர்ந்து பாவித்தது. கடைகளின் வயர்லெஸ் இணைப்பு வழியாகப் புகுந்தவர்கள் குறைந்தது 45.7 மில்லியன் வங்கி அட்டைகளின் விபரத்தை எடுத்துச் சென்றது 2007இல் வெளியே வந்தது. 

ஆகவே டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 மட்டுமே. டபிள்யூ.பி.ஏ.2 தெரிவு செய்தால் கூடவே ஏ.இ.எஸ். என்பதையும் தெரிவு செய்யுங்கள். புதிய வகையான டபிள்யூ.பி.ஏ.3 2018இல் வந்தது. அதற்கு முந்திய பிரின்டர்களால் அதில் தனியே இணைய முடியாது. அப்படியானால் 2உம் 3உம் கலந்த தெரிவைப் போடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சிறிய பிரின்டர்கள் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும். 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபையைக் காட்டினால் அவற்றுக்குத் தெரியாது. இதை அறியாதவர்கள் ‘பாதுகாப்புப் போட்டதால்தான் பிரின்டர் வேலை செய்யவில்லை’ என்று எண்ணிப் பூட்டையே கழற்றிவிடுகிறார்கள். பாதுகாப்பில் கை வைக்க வேண்டாம். பிரின்டரை 2.4 பெயரோடு இணையுங்கள்.

3. தொலைபேசி இலக்கம் கடவுச்சொல் ஆகாது

நமது கடைகளில் நான் அதிகமாகக் காண்பது இதைத்தான். வைஃபை கடவுச்சொல் என்ன என்று கேட்டால் முதலாளியின் கைத்தொலைபேசி இலக்கம். அந்த இலக்கம் பெயர்ப்பலகையிலேயே பெரிதாக எழுதியிருக்கிறது! பலகையில் இல்லாவிட்டாலும் பயன் இல்லை. நமது கைத்தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் 07 என்றே தொடங்குகின்றன. மீதி 8 இலக்கங்களுக்கு மொத்தம் 10 கோடி சாத்தியங்கள்தான். வைஃபை இணைப்பின் ஆரம்ப உரையாடலை ஒருமுறை பதிவு செய்துகொண்டு போனவர், நல்ல கிராபிக்ஸ் கார்ட் உள்ள கணினியில் அத்தனையையும் போட்டுப் பார்க்க அரை மணித்தியாலம்கூடத் தேவையில்லை.

டபிள்யூ.பி.ஏ.2இல் 8 முதல் 63 எழுத்துகள்வரை போடலாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு ஐந்து சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதி இடையில் இலக்கங்களையும் வையுங்கள். நீளமே பலம். 4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்கள் சிக்னலுக்காக அதை ஜன்னலோரம் வைப்பது வழக்கம். அப்போது வைஃபை அலையும் தாராளமாக வீதிக்குப் போகிறது. மதிலுக்கு வெளியே வாகனத்தில் இருப்பவருக்கும் அது கிடைக்கிறது என்ற நினைப்போடு கடவுச்சொல்லைத் தெரிவு செய்யுங்கள்.

4. டபிள்யூ.பி.எஸ். பொத்தான்

பிரின்டரை விரைவாக இணைப்பதற்காக ரவுட்டரில் டபிள்யூ.பி.எஸ். என்ற வசதி உண்டு. அதில் 8 இலக்கங்கள் கொண்ட ஒரு இரகசிய எண் இருக்கிறது. பார்த்தால் பலமானதுபோலத் தெரியும். ஆனால் ரவுட்டர் அதை இரண்டு பாதியாகப் பிரித்துத் தனித்தனியே சரிபார்க்கிறது. முதல் நான்குக்கு 10,000 சாத்தியங்கள். கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவதால் அடுத்த பாதிக்கு 1,000 மட்டுமே. ஆகக் கூடியது 11,000 முயற்சிகள். 2011 டிசம்பரில் இந்தக் குறை வெளியானது. வைஃபை கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இந்தப் பின்கதவால் வரலாம். பிரின்டரை இணைத்து முடிந்ததும் டபிள்யூ.பி.எஸ்.ஐ நிறுத்திவிடுங்கள்.

5. விருந்தாளிக்குத் தனி வாசல்

கண்டக்குளி, ஆலங்குடா பக்கம் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தங்குமிடம் நடத்துவோர் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும். காற்றுக் காலத்தில் பட்டச் சறுக்கலுக்கு வரும் பயணி முதலில் கேட்பது வைஃபை கடவுச்சொல்லைத்தான். அதைச் சுவரில் ஒட்டியும் வைக்கிறோம். அதே இணைப்பில்தான் அலுவலக பிரின்டரும், அதில் ஸ்கேன் செய்த முந்திய பயணிகளின் கடவுச்சீட்டுகளும்.

விருந்தாளியை உபசரிப்பது நமது பண்பு. ஆனால் அவரை முன்மண்டபத்தில் இருத்துகிறோமே தவிர உள்ளறைக்கு விடுவதில்லை. ரவுட்டரிலும் அதற்கான வசதி இருக்கிறது. ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்பது அதன் பெயர். அதைத் திறந்து வேறு பெயரும் வேறு கடவுச்சொல்லும் கொடுங்கள். வாடிக்கையாளர், பயணி, அடிக்கடி மாறும் வேலையாட்கள் எல்லோருக்கும் அதுவே. பிரின்டரும் கணக்குக் கணினியும் பிரதான இணைப்பில் மட்டும் இருக்கட்டும். விருந்தாளி இணைப்பிலிருந்து அச்சிட முடியாது. அது கோளாறு அல்ல, நமக்கு வேண்டியதே அதுதான்.

6. பிரின்டரின் சொந்தப் பூட்டு

இதுவரை செய்தது மதிலுக்கு. இனி அறைக்கு. பிரின்டரின் நெட்வொர்க் அமைப்புத் தாளை அச்சிடுங்கள். அதில் பிரின்டரின் முகவரி இருக்கும். கணினியில் அதைத் தட்டினால் பிரின்டரின் சொந்தப் பக்கம் திறக்கும். கடவுச்சொல் கேட்காமலே திறந்தால் உடனே ஒன்று போடுங்கள்.

கம்பனி போட்டுத் தந்த கடவுச்சொல் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். 2025 ஜூனில் ஒரு பாதுகாப்பு ஆய்வு வெளியானது. பிரதர் கம்பனியின் 689 மாதிரிகளில், பிரின்டரின் தொடர் இலக்கம் தெரிந்தால் தொழிற்சாலைக் கடவுச்சொல்லைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம் என்று அது காட்டியது. ஏற்கனவே தயாரித்து விற்றவற்றில் இதை மென்பொருளால் முழுமையாகத் திருத்த முடியாது, கடவுச்சொல்லை மாற்றுவதே வழி என்று கம்பனியும் ஒப்புக்கொண்டது. எந்தக் கம்பனியின் பிரின்டரானாலும் நாமே ஒரு கடவுச்சொல்லைப் போட வேண்டும் என்பதற்கு இதைவிட ஆதாரம் தேவையில்லை.

அதே பக்கத்தில் ‘வைஃபை டிரெக்ட்’ என்று ஒன்று இருக்கும். ரவுட்டர் இல்லாமலே கைத்தொலைபேசியை பிரின்டரோடு இணைக்கும் வசதி அது. அதாவது பிரின்டரே தனியாக ஒரு வைஃபை ஒலிபரப்புகிறது. சில மாதிரிகளில் அதன் கடவுச்சொல் 12345678 என்றே வருகிறது. தேவையில்லாவிட்டால் நிறுத்துங்கள், தேவையென்றால் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் அதையும் அப்போதே செய்துகொள்ளுங்கள்.

7. இணையத்துக்கு வாசல் வேண்டாம்

ரவுட்டரில் ‘போர்ட் போர்வர்டிங்’, ‘யூ.பி.என்.பி.’ என்று இரண்டு பகுதிகள் இருக்கும். முதலாவதில் பிரின்டருக்காக ஏதேனும் எழுதியிருந்தால் அழித்துவிடுங்கள். இரண்டாவது, உள்ளே இருக்கும் கருவிகள் நம்மிடம் கேட்காமலே வெளியே வாசல் திறக்க அனுமதிக்கும் வசதி. அதை நிறுத்திவிடுங்கள். பாதுகாப்புக் கெமரா போன்ற ஏதேனும் வேலை செய்யாமல் போனால், அதைப் பொருத்தியவரிடம் வேறு வழி கேளுங்கள்.

ரீசெட் துளையில் ஊசி வைக்கும் முன்

மின்சாரம் போய் வந்த பிறகு பிரின்டர் ‘ஓஃப்லைன்’ என்று காட்டுவது நமக்குப் பழகிய தொல்லை. அநேகமாக ரவுட்டர் பிரின்டருக்கு வேறொரு முகவரியைக் கொடுத்திருக்கும், அவ்வளவுதான். கடையில் இருக்கும் தம்பி உடனே ஒரு ஊசியை எடுத்து ரவுட்டரின் ரீசெட் துளையில் அழுத்துவார். பிரின்டர் வேலை செய்யும். முதலாளிக்கும் சந்தோஷம். ஆனால் அந்த ஒரு அழுத்தத்தில் மேலே சொன்ன அத்தனை பூட்டுகளும் கழன்று ரவுட்டர் வாங்கிய நாளின் நிலைக்குத் திரும்பிவிடும். எவருக்கும் தெரியாது.

இதைத் தவிர்க்க, ரவுட்டரில் பிரின்டருக்கென்று ஒரு நிரந்தர முகவரியை ஒதுக்கிவிடுங்கள். புதிய கடவுச்சொற்களையும் அமைப்புகளையும் ஒரு கொப்பியில் எழிதி, காசோலைப் புத்தகத்தோடு லாச்சியில் பூட்டி வையுங்கள். ரீசெட் செய்ய முதலாளியின் அனுமதி வேண்டும் என்று சொல்லி வையுங்கள்.

விற்கும்போதும் கவனம்

பெரிய போட்டோ கொப்பி இயந்திரங்களுக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கும். அமெரிக்காவில் அபினிட்டி ஹெல்த் பிளான் என்ற நிறுவனம் வாடகைக்கு எடுத்த இயந்திரங்களை உள்ளிருந்ததை அழிக்காமல் திருப்பிக் கொடுத்தது. 344,579 பேர்வரையிலான மருத்துவ விபரங்கள் வெளியேறியிருக்கலாம் என்று கணிக்கப்பட்டது. 2013இல் அது அரசுக்கு 1,215,780 டொலர் கட்டியது. நமது நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. பழைய இயந்திரத்தை விற்கும் முன் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, சேமித்த மின்னஞ்சல், முகவரிகள், வைஃபை கடவுச்சொல் எல்லாவற்றையும் அழியுங்கள்.

ஒரே கணினி, ஒரே பிரின்டர் என்று இருப்பவர்களுக்கு இத்தனை சிரமமும் வேண்டாம். யூ.எஸ்.பி. வயரால் இணைத்து, பிரின்டரின் வைஃபையை நிறுத்திவிடுங்கள். வயரைவிடப் பாதுகாப்பான வைஃபை இல்லை. மற்றபடி வைஃபை பெயரை மறைத்து வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

இன்னொருவர் நமது இணைப்புக்குள் அனுமதியின்றி நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம்தான். ஆனால் வழக்குப் போட்டு வெல்வதற்குள் கொள்வனவாளரின் நம்பிக்கை போய்விடும். பிறர் வீட்டுக்குள் ஸலாம் சொல்லி அனுமதி பெற்றே நுழைய வேண்டும் என்று நமக்குக் கற்றுத் தரப்பட்டிருக்கிறது. அந்த ஒழுக்கம் இல்லாதவர்களும் வீதியில் நடமாடுகிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பது நாம் அறிந்த போதனை. இன்றிரவே ரவுட்டரின் அடியில் உள்ள தாளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அல்லாஹ் நமது தொழில்களிலும் அமானிதங்களிலும் பரகத் செய்வானாக.